தில்லைக் காட்டில் திரைச் சண்டை

 

ஒரு படம் உருவான கதையை அதன் நாயகரே எழுதிவைப்பது தமிழ்த் திரையுலகில் அரிய நிகழ்ச்சி. சண்டையும் நகைச்சுவையும் கலந்து 1973-இல் வெளிவந்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ அப்பேறு பெற்றது. 1970-இல் ஒசாகா உலகப் பொருட்காட்சி வரை சென்று படம்பிடித்த அனுபவங்களை எம்.ஜி.ஆர். ‘பொம்மை’ இதழில் ‘திரைகடலோடித் திரைப்படம் எடுத்தோம்’ எனத் தொடராக எழுதினார். ஒசாகாவுக்கு வாய்த்த அப்பேறு நம் பிச்சாவரத்துக்கும் வாய்க்க வேண்டாமா?

சத்யா மூவீஸ் தயாரிப்பில், ஏ. ஜெகந்நாதன் இயக்கத்தில் 1975-இல் வெளிவந்த ‘இதயக்கனி’க்காகப் படக்குழு இங்கே வந்தது. அந்நாளில் இப்பகுதி, கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அந்த ஓடைகளைத் தமிழகம் முழுவதும் திரையில் கண்டது அப்படத்தால்தான்.

அங்கே படகுச் சண்டை ஒன்றை எடுப்பது எத்துணை அருமை என்பதைப் படம் பார்ப்போர் எண்ணிப் பார்ப்பதில்லை. நடிகர் நிற்கும் படகும் அசையும். ஒளிப்பதிவுக் கருவி இருக்கும் படகும் அசையும். இரண்டையும் கழியூன்றி நிலைநிறுத்தும் படகோட்டி, திரையில் தம் தலை தெரியாவண்ணம் குனிந்துகொள்ள வேண்டும். நீரில் விழும் நகைச்சுவை நடிகர் மறுமுறை விழுவதற்கு உலர்ந்த மாற்றுடை வேண்டும். தலைமுடியும் உலர வேண்டும். போதாக்குறைக்குக் கடலின் ஏற்றவற்றம்! காலையில் நீருள் மறைந்திருந்த சுரபுன்னை வேர்கள், நீர் வற்றியதும் வெளியே தெரியும். இரு வேளைகளில் எடுத்ததை ஒரே சண்டையாக ஒட்டினால், ஓங்கிய கை இறங்குவதற்குள் ஓடை வற்றிப்போகும். சிரிக்கக் கூடாத இடத்தில் கொட்டகை சிரிக்கும். நீரின் நாழிகையை நன்கறிந்தவர் அந்தப் படகோட்டியே.

மரமும் அறிய வேண்டிய ஒன்று. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரம் இக்காட்டில் இன்றும் நிற்கிறது. அதன் பால் தோலிற் பட்டால் புண்ணாகும். கண்ணிற் பட்டால் பார்வை மங்கும். கிளை ஒடித்துச் சண்டையிட எண்ணும் நாயகரைத் தடுக்கவும் உள்ளூரார் ஒருவர் அருகிருக்க வேண்டும். (புராணம் படித்த நமக்கே இம்மரத்தை அடையாளம் தெரியாது என்பது வேறு.)

அக்காட்டை ஒட்டிய மணல்திட்டு ஒன்றின் பெயரே எம்.ஜி.ஆர். திட்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அத்திட்டு பல உயிர்களைப் பறிகொடுத்தது; எஞ்சியோர் உள்நிலத்தில் குடியேறினர். 1975-இல் இருபத்தைந்து வயது இளைஞராகக் கழியூன்றியவர் ஒருவர் இன்றிருப்பின், எழுபத்தைந்தைக் கடந்திருப்பார்.

நம் வட்டத்தின் அடுத்த கூட்டத்தைக் கிள்ளையில் வைத்துக்கொள்ளலாம். முதியோர் சொல்வதைக் கைப்பேசியிற் பதிந்துகொள்ள ஒருநாள் போதும். நீர் ஏறும் நேரத்தை மட்டும் முன்னரே கேட்டுக்கொண்டு புறப்படுவோம்.