ரப்பர் பேச்சுவார்த்தையும் நம் வெட்டு நாளும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரப்பர் விலை இறங்கியது என்று ஆபீசில் சேதி வந்தவுடன் நாம் வாங்குகிறவனைத்தான் திட்டுகிறோம். விற்கிறவர்களின் சங்கதியையும் இன்று சற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1922-இல் பிரிட்டிஷ் சர்க்கார் ஸ்டீவன்சன் திட்டம் கொண்டுவந்தது. மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் குறைத்துக் கொண்டன. டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியா சேரவில்லை. நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க, அங்கே சிறுதோட்டக்காரர்கள் மேலும் மேலும் கன்று நட்டார்கள். விலை ஏறியது உண்மை. ஏறிய விலையில் விற்றவன் பக்கத்து வீட்டுக்காரன்! 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1934-இல் டச்சுக்காரரும் சயாமும் சேர்ந்து கையெழுத்திட்ட பிறகே கட்டுப்பாடு நிலைத்தது.

2001 டிசம்பரில் தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா மூன்றும் பாலித் தீவில் கூடி உடன்பாடு கண்டன. அந்த வழியில், 2016 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 615,000 டன் ஏற்றுமதியைக் குறைப்பதென முடிவாயிற்று. தாய்லாந்தின் பங்கு 324,005 டன்; இந்தோனேசியாவுக்கு 238,736; நமக்கு 52,259 மட்டுமே.

இந்தக் கணக்கைக் கிராணிமார்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும். ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகமாக ரப்பர் எடுத்த நாடு நம்முடையது. 1990களின் தொடக்கத்தில் அந்த இடம் போயிற்று. இன்று நம் கையுறைத் தொழிற்சாலைகள் தாய்லாந்திலிருந்து பால் வாங்குகின்றன. ஆகவே பேச்சு மேசையில் நம் நாடு ஒரு கையால் விற்கிறது, மறு கையால் வாங்குகிறது. விலை ஏறினால் தோட்டத்துக்கு லாபம், தொழிற்சாலைக்குச் செலவு. அண்டை நாடுகளோடு நமக்குள்ள பொது நலன் முன்னைப்போல் முழுசாக இல்லை.

ஆனால் பால் வெட்டுகிறவனுக்கு? தென் தாய்லாந்தில் வெட்டுகிறவனுக்கும் சுமத்ராவில் வெட்டுகிறவனுக்கும் கெடாவில் வெட்டுகிற நமக்கும் கவலை ஒன்றுதான். மந்திரிகளுக்குள் பேச்சு எப்படி மாறினாலும் இது மாறவில்லை.

ஏற்றுமதி குறைந்தால், அந்தக் குறை எங்கே வந்து விழும்? செக்ரோல் எழுதுகிற எங்களைக் கேளுங்கள். ஒரு கட்டம் வெறுமையாக நின்றால் ஒரு வீட்டில் அடுப்பு தணிகிறது என்று அர்த்தம்.

எனவே நாம் கேட்பது இது: ஏற்றுமதி குறைக்கப்படும் மாதங்களில் வெட்டு நாளைக் குறைக்கக்கூடாது, குறைத்தால் அந்த நாளுக்குக் கூலி தர வேண்டும். பேச்சுக்குப் போகுமுன் சர்க்கார் தொழிற்சங்கத்தையும் கலந்து பேச வேண்டும். தீர்மானம் எழுதித் தயாராக இருக்கிறது. செயலாளர் இப்போது வாசிப்பார். கையெழுத்துப் போடாமல் யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம்.