நமது பதினொருவர்



பினாங்கில், ஜார்ஜ் டவுன் நகரத்தின் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் நகர அரங்கம் இருக்கிறது. பினாங்குக் குழு நெடுங்காலமாக ஆடிவந்த காற்பந்துத் திடல் அது. ஆண்டுப் போட்டிகள் முடிந்ததும் அந்தப் பக்கத்து ஒட்டுக்கடை ஒன்றில் நாங்கள் சிலர் கூடுவது வழக்கம். நாடு முழுவதும் அந்த ஆண்டு ஆடியவர்களில் சிறந்த பதினொருவர் யார் என்று ஆளுக்கொரு பட்டியல் எழுதுவோம். பிறகு வாதாடுவோம்.

ஒருமுறை எங்களில் ஒருவர் தம் பட்டியலைப் பெருமையோடு வாசித்து முடித்தார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த அக்கா, "எல்லாரும் கோல் அடிக்கப் போய்விட்டால், நம் பக்கம் வருகிற பந்தை யார் தம்பி தடுப்பது?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தோம். பதினொருவரில் ஏழு பேர் தாக்குதல் ஆட்டக்காரர்கள்!

சிரித்தோம். ஆனால் அக்கா சொன்னது பெரிய பாடம். பட்டியல் என்பது பிடித்தவர்களின் பெயர் வரிசை அன்று. கோல் காவலர், தற்காப்பு, நடுத்திடல், தாக்குதல் என்று ஒவ்வோர் இடத்திற்கும் தகுந்த ஆள் வேண்டும்.

கோல் அடித்தவரின் பெயர் எளிதில் நினைவில் நிற்கிறது. தடுத்தவரின் பெயர் மறந்துபோகிறது. 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் நம் நாடு தென் கொரியாவை 2-1 என வென்று ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. வெற்றிக் கோலை அடித்த ஜேம்ஸ் வோங்கை எல்லாரும் அறிவர். ஆனால் நம் கோல் கம்பத்தைக் காத்து நின்றவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் பெற்றவர். அவருக்கு முன்னால் அரணாக நின்றவர்கள் சோ சின் ஆன், சந்தோக் சிங் ஆகியோர். அந்த ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்ததால் அவர்கள் அங்கே ஆடவில்லை. அதனால் அவர்கள் திறமை குறைந்துவிடுமா?

இரண்டாவது பாடம், ஒரு நாளை வைத்து ஓர் ஆண்டை அளக்கக் கூடாது. 2016 பிப்ரவரி 16 அன்று இதே நகர அரங்கத்தில், பகாங் குழுவுக்கு எதிராகப் பினாங்கு வீரர் ஃபாயிஸ் சுப்ரி ஒரு பந்தை உதைத்தார். காற்றில் வளைந்து திசைமாறிச் சென்ற அந்தக் கோலுக்கு உலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் புஸ்காஸ் விருது கிடைத்தது. மறு ஆண்டு ஜனவரியில் சூரிக் நகரில் அதைப் பெற்றுக்கொண்டார். நாமெல்லாம் பெருமைப்பட்டோம். ஆனாலும் ஆண்டின் பதினொருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவரையும் மற்றவர்களைப் போல முதல் ஆட்டம் தொடங்கிக் கடைசி ஆட்டம் வரை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

தோட்டத்தில் பால் நிறுப்பதை நினைத்துப் பாருங்கள். வாளியின் எடை மட்டும் கணக்கு அன்று. அந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்பதுதான் கணக்கு. நூற்றுக்கு ஏறக்குறைய 30 முதல் 40 பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். கோல் எண்ணிக்கையும் அந்த வாளியைப் போன்றதே. யாருக்கு எதிராக, எந்த நெருக்கடியில் அடித்த கோல் என்று பார்த்தால்தான் அதன் சத்து தெரியும்.

மூன்றாவது பாடம், 'நம்ம ஆள்' என்ற பாசம். அமெரிக்காவில் பேஸ்பால் என்ற ஆட்டம் உண்டு. அங்கே நட்சத்திர ஆட்டத்திற்கு இரசிகர்கள் வாக்களித்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். 1957-இல் சின்சினாட்டி நகரத்தார் வாக்குகளைக் குவித்து, எட்டு இடங்களில் ஏழுக்குத் தங்கள் குழுவினரையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆட்டத்தின் ஆணையர் தலையிட்டு இருவரை நீக்கினார். அவர்களுக்குப் பதிலாக வந்தவர்கள் வில்லி மேஸ், ஹாங்க் ஆரோன் என்ற மாபெரும் ஆட்டக்காரர்கள். அதோடு இரசிகர்களின் வாக்குரிமையும் பறிபோனது. 1970-இல்தான் அது திரும்பக் கிடைத்தது. பாசம் அளவு மீறினால் உரிமையே போய்விடுகிறது.

இது வெறும் பொழுதுபோக்குதானே என்று நினைக்க வேண்டாம். தோட்டத்துக் குழுவுக்கும் பள்ளிக் குழுவுக்கும் ஆள் எடுக்கிறோம். உறவுக்காரர் பிள்ளை, பக்கத்து லயத்துப் பிள்ளை என்று பார்த்து எடுத்தால், திறமையுள்ள ஒரு பிள்ளை ஓரத்தில் நிற்க நேரும். அந்தப் பிள்ளை மறுவாரம் திடலுக்கே வராமல் போகலாம். அந்த இழப்பு அவனுக்கு மட்டுமா? நமக்கும்தான்.

ஆகவே நேயர்களே, இந்த ஆண்டுப் போட்டிகள் முடிந்ததும் வீட்டில் எல்லாரும் ஒரு தாளை எடுங்கள். தாத்தா ஒரு பட்டியல், அம்மா ஒரு பட்டியல், பிள்ளைகள் ஒரு பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். காரணம் எழுத வராவிட்டால் அந்தப் பெயரை மறுபடி எண்ணிப் பாருங்கள். எதிர்க்குழுவிலிருந்து குறைந்தது ஒருவரையாவது மனமாரப் பாராட்டிச் சேர்க்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

பட்டியலில் சண்டை வரட்டும். மனத்தில் வர வேண்டாம்.