சோகைக் கடலுக்கு அன்னபேதி



வைகாசி, ஆனி மாதங்களில் டில்லியில் வாழ்வோருக்கு 'ஆந்தி' என்றால் என்னவென்று எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பிற்பகல் வானம் திடீரெனச் செம்மஞ்சளாகும். ராஜஸ்தானத்துப் பாலையில் கிளம்பிய புழுதி, சாணக்யபுரியின் அகன்ற சாந்திபத் வழியே புகுந்து, தூதரகங்களின் கொடிகளையும் தமிழ்நாடு இல்லத்தின் சன்னல்களையும் வேற்றுமை பாராமல் ஒரே நிறமாக்கிவிடும். "இந்தப் புழுதியால் யாருக்கு என்ன பயன்?" என்று துடைப்பமும் கையுமாக நாம் அலுத்துக்கொண்டதுண்டு.

பயன் இருக்கத்தான் செய்கிறது. அந்தப் புழுதியில் இரும்பு இருக்கிறது. அதில் ஒரு பகுதி காற்றேறிச் சென்று அரபிக் கடலில் விழுந்து, அங்குள்ள நுண்ணிய உயிர்களுக்கு உணவாகிறது. இத்தகைய புழுதி அதிகம் சென்று எட்டாத கடல் ஒன்று உண்டு. அன்டார்க்டிக்காவைச் சூழ்ந்து கிடக்கும் தென்பெருங்கடலே அது. அந்தக் கடலுக்கு மனிதன் இரும்பு கொண்டுபோய் இட்ட கதையையும், அதில் நம் நாட்டார் கற்றுக்கொண்ட பாடத்தையும் இன்று சிறிது பார்ப்போம்.

கடல்நீரில் ஒரு துளியை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், அதில் ஓர் உலகமே மிதக்கக் காணலாம். நீந்திச் சென்று நீரோட்டத்தை எதிர்க்க வலுவில்லாமல், போகிற போக்கில் போகும் இவ்வுயிர்களுக்குப் 'பிளாங்டன்' என்று பெயர். 'அலைந்து திரிவது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. தமிழில் மிதவையுயிர்கள் எனலாம். அவற்றுள் செடியினத்தை ஒத்தவை சூரிய ஒளியைக் கொண்டு கரியமில வாயுவை உணவாக்குகின்றன. உலகில் ஒளியின் துணையால் நடைபெறும் உணவாக்கத்தில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத இச்சிற்றுயிர்களின் வேலையே. காடுகளும் கழனிகளும் சேர்ந்து செய்வது மற்றப் பாதி.

இவ்வாறு வாங்கிய கரி என்ன ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மிதவைச் செடிகளை மிதவைப் பிராணிகள் தின்கின்றன. தின்றவை மூச்சு விடுகையில் கரியில் பெரும்பகுதி திரும்பவும் நீரில் கலந்து, மேற்பரப்புக்கு வந்து, காற்றோடு சேர்கிறது. எஞ்சிய சிறு பகுதி, செத்த உடல்களாகவும் எச்சங்களாகவும் ஒன்றோடொன்று ஒட்டிய துணுக்குகளாகவும் கீழ்நோக்கி உதிர்கிறது. ஆழ்கடலில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு இது இடைவிடாது பெய்யும் பனிபோலத் தோன்றியது. ஆதலால் 'கடற்பனி' என்றே பெயரிட்டார்கள். வழியிலேயே இதையும் தின்று தீர்க்கக் காத்திருக்கும் வாய்கள் பல. அவற்றுக்குத் தப்பி ஆயிரம் மீட்டருக்குக் கீழே சென்றுவிட்ட கரி, பல நூற்றாண்டுகளுக்குக் காற்றை எட்டிப் பார்ப்பதில்லை.

எது தப்பும், எது தப்பாது என்பதைத் தீர்மானிப்பவையும் மிதவையுயிர்களே. டையாட்டம் எனப்படும் பாசியினம், மணலின் சாரமான சிலிகாவைக் கொண்டு தன்னைச் சுற்றிக் கண்ணாடிக் கூடு கட்டிக்கொள்கிறது. அந்தக் கூடு உயிருள்ளபோது கவசம், இறந்தபோது பாரம். இவை கொத்துக் கொத்தாகப் பின்னிக்கொண்டு விரைவில் மூழ்கும். கிரில் என்னும் தென்கடற் கூனி இருக்கிறது. நம் ஊர்ச் சந்தையில் காயவைத்து விற்கும் சென்னாக்கூனியைப் போன்ற தோற்றமுடையது. அதனினும் சற்றுப் பெரியது. கூட்டங்கூட்டமாகத் திரிந்து பாசியை மேயும் இதன் எச்சம், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கிவிடும். வட துருவத்தை ஒட்டிய கடல்களிலோ, துடுப்புபோன்ற கால்களையுடைய கோப்பிபாட் என்னும் சிற்றுயிர்கள், கோடையில் தின்று கொழுத்து, அந்தக் கொழுப்போடு ஆழத்துக்கு இறங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மேலே வாங்கிய கரியைக் கீழே மூச்சாக விடுகின்றன. ஆனால் இதே இனம் மேற்பரப்பில் மேயும்போது, சிற்றெச்சங்கள் சிதறி மேலேயே உண்ணப்பட்டு, கீழே போவது சொற்பமாகிவிடுகிறது.

இனி இரும்புக்கு வருவோம். தென்பெருங்கடலில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏராளம். இருந்தும் பாசி செழிப்பதில்லை. இதற்குக் காரணம் இரும்புக் குறைவே என்று அமெரிக்க விஞ்ஞானி ஜான் மார்ட்டின் 1980-களின் இறுதியில் வாதிட்டார். கடலுக்கும் சோகை பிடிக்கும் என்பது அவருடைய கருத்தின் சாரம். அப்படியானால், இரும்பைக் கொட்டிப் பாசியை வளர்த்து, நம் ஆலைகளும் வண்டிகளும் விடும் கரியமில வாயுவை ஆழத்தில் புதைத்துவிடலாமே என்ற ஆசை பலருக்கு எழுந்தது. செலவு குறைந்த மருந்தன்றோ!

இந்த ஆசையைச் சோதித்த பரிசோதனைகளுள் ஒன்று இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்தியது. கோவாவில் டோனா பாலாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும், ஜெர்மனியின் ஆல்பிரட் வெகனர் நிறுவனமும் அதில் பங்காளிகள். தலைமை தாங்கியவர் இருவர். ஒருவர் கோவா நிறுவனத்தைச் சேர்ந்த வஜீஹ் நக்வி. மற்றவர் விக்டர் ஸ்மெடாசெக். ஜெர்மன் நிறுவனத்தினராயினும் நம் குமாவூன் மலைப்பகுதியில் வளர்ந்தவர். பரிசோதனைக்கு இட்ட பெயர் 'லோஹாபெக்ஸ்'. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இப்பெயரைக் கேட்டதும் புன்னகை வந்தது. தெருவில் பழைய சாமான் வாங்குகிறவர் நாள்தோறும் கூவும் 'லோஹா' அல்லவா இது! இரும்பு என்னும் அந்த எளிய சொல், உலக விஞ்ஞானத்தின் பெயர்ப் பலகையில் ஏறிவிட்டது. கடலில் கரைத்த சரக்கோ நமக்கு இன்னும் பழக்கமானது. நாட்டு மருந்துக் கடையில் பச்சைக் கட்டியாக இருக்கும் அன்னபேதிதான் அது. சோகைக்குச் சித்த வைத்தியர் அன்னபேதிச் செந்தூரம் கொடுப்பார். விஞ்ஞானிகள் அதே அன்னபேதியைக் கடலுக்குக் கொடுத்தார்கள்.

2009 ஜனவரி 7-ஆம் தேதி 'போலார்ஸ்டெர்ன்' என்னும் ஜெர்மன் ஆராய்ச்சிக் கப்பல் கேப் டவுனிலிருந்து புறப்பட்டது. கப்பலிலிருந்த விஞ்ஞானிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். கப்பல் கடலிலிருக்கும்போதே கரையில் எதிர்ப்புக் கிளம்பியது. கடலை உரமிடும் வேலைகளை நிறுத்திவைக்குமாறு 2008-இல் பான் நகரில் கூடிய உயிரினப் பன்மை மாநாடு கேட்டிருந்ததை இயற்கைப் பாதுகாவலர் சுட்டிக்காட்டினர். ஜெர்மன் அரசு பரிசோதனையை நிறுத்திவைத்து, வல்லுநர் கருத்தைக் கேட்டு, ஜனவரி 26-ஆம் தேதி அனுமதி அளித்தது. நம் டில்லியில் குடியரசு தின அணிவகுப்பு நடந்த நாள் அது. எதிர்த்தவர்களின் அச்சம் வீணான அச்சமன்று. கடல் எவருடைய தனிச்சொத்துமன்று. அதில் ஒருவர் இடுவது எல்லோருக்கும் போய்ச் சேரும்.

நீர்ச்சுழி ஒன்றின் நடுவே, 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு கரைக்கப்பட்டது. 39 நாட்கள் அதைப் பின்தொடர்ந்து கவனித்தார்கள். முதல் இரண்டு வாரங்களில் பாசி இருமடங்காயிற்று. அதற்கு மேல் வளரவில்லை. வளர்ந்ததையெல்லாம் கோப்பிபாட்கள் மேய்ந்துவிட்டன. அந்தக் கோப்பிபாட்களைத் தின்ன, ஆம்பிபாட் என்னும் சற்றுப் பெரிய இனம் திரண்டு வந்தது. ஆழத்துக்கு இறங்கிய கரியோ மிகச் சொற்பம்.

ஏன் இப்படி? அந்தப் பகுதியில் முன்னரே இயற்கையாகத் தழைத்த டையாட்டங்கள் நீரிலிருந்த சிலிகாவைத் தீர்த்துவிட்டிருந்தன. கண்ணாடிக் கூடு கட்டப் பொருளில்லாத இடத்தில் டையாட்டம் வளரவில்லை, கவசமற்ற மெல்லிய பாசிகளே வளர்ந்தன, வளர்ந்தவுடன் இரையாயின. இதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 2004-இல், இதே கப்பல் சென்று சிலிகா மிகுந்த வேறொரு சுழியில் இரும்பிட்டபோது, டையாட்டங்கள் தழைத்துச் செத்து, அந்தப் பெருக்கத்தில் பாதியேனும் ஆயிரம் மீட்டருக்குக் கீழே மூழ்கியது. அம்முடிவு 2012-இல் வெளியிடப்பட்டது. அதே கடல், அதே இரும்பு; விளைவு வேறு. எவ்வளவு விளைந்தது என்பதன்று, எது விளைந்தது, அதை எவர் தின்றார் என்பதே கரியின் கதியை நிர்ணயித்தது.

2009 மார்ச்சில் திரும்பிய விஞ்ஞானிகள் இதை மறைக்கவில்லை. தென்பெருங்கடலைக் கொண்டு கரியமில வாயுவைப் பெருமளவில் அடக்கலாம் என்ற நம்பிக்கை தளர்ந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். பெருஞ்செலவில் தொலைதூரம் சென்று, "நாம் எதிர்பார்த்தது நடக்கவில்லை" என்று அறிவிப்பதற்கும் ஒரு துணிவு வேண்டும். அலுவலகங்களில் அறிக்கைகளை மொழிபெயர்த்துக் காலங்கழிக்கும் நமக்கு, அத்தகைய வாக்கியம் எவ்வளவு அரிது என்பது தெரியும்.

நேயர்களே, மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் இன்றும் கூலி கேளாமல் வாங்கிக்கொள்கிறது. கார்த்திகை, மார்கழியில் டில்லியின் புகைமூட்டத்தில் எதிர்வீடு தெரியாமல் நிற்கும்போது, அந்தக் கடலை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. அதற்கு மேலும் ஒரு மருந்தைக் கொடுத்து இன்னும் அதிகம் வாங்கச் செய்யலாம் என்பது கவர்ச்சியான எண்ணம். ஆனால் சித்த வைத்தியர் செந்தூரப் பொட்டலத்தை நீட்டும்போது கூடவே ஒன்று சொல்வார் அல்லவா? பத்தியம் காக்காவிட்டால் மருந்து பிடிக்காது என்பார். புகையைக் குறைப்பதே இங்குப் பத்தியம். அதைக் காக்க வேண்டிய நோயாளி கடலன்று, நாமே.