செவிலித்தாய் கஸ்தூரிபா
(விழா அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

  

காந்தியடிகளின் துணைவியார் என்று உலகம் அறிந்த அன்னை கஸ்தூரிபா, நோயுற்றோர் படுக்கையருகே எத்தகையவராக விளங்கினார் என்பதே இவ்வுரையின் பொருள். 1869ஆம் ஆண்டு போர்பந்தரில் வணிகர் குடியில் பிறந்த அவர் வைணவர், சமணர் அல்லர். செவிலியர் பயிற்சி எதுவும் பெற்றவரும் அல்லர். ஆயினும், நம் இல்லங்களில் மூத்தோர் நோயுறுங்கால் எழுகின்ற கடினமான வினா ஒன்று அவர் வாழ்வில் இருமுறை எழுந்தது. உயிர் பிழைக்க ஓர் உணவை மருத்துவர் விதிக்கிறார். கொண்ட விரதமோ அதனைத் தடுக்கிறது. என் செய்வது? முதன்முறை நோயாளி அவரே. மறுமுறை நோயாளி அவர்தம் கணவர்.

தென்னாப்பிரிக்காவில், 1909ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உதிரப்போக்கினால் நலிந்திருந்த அன்னையாருக்கு டர்பன் நகரில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. மயக்க மருந்தும் கொடுக்க இயலாத அளவுக்கு மெலிந்திருந்தார். அந்நோவைப் பொறுமையுடன் தாங்கினார். காந்தியடிகள் ஜோகன்னஸ்பர்க் சென்றிருந்தபொழுது, மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தாலன்றிப் பிழைக்கமாட்டார் என்று மருத்துவர் தொலைபேசியில் தெரிவித்தார். அடிகள் விரைந்து வந்தார். வந்தபின்னரே, அச்சாறு முன்னமே ஊட்டப்பட்டுவிட்டது என்பதை அறிந்தார். அவர் நெஞ்சம் கொதித்தது. எனினும் முடிவைத் தாமே செய்யாமல், எழுந்து உட்காரவும் வலிமையற்றிருந்த மனைவியாரிடம் விட்டார். கிடைத்தற்கரிய மானிடப் பிறவியை இத்தகைய உணவால் மாசுபடுத்துவதினும் கணவர் கைகளில் உயிர் விடுவதே மேல் என்று அம்மையார் தெளிவாக உரைத்தார்.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. ரிக்‌ஷாவிலும் புகைவண்டியிலுமாக அவரைக் கொண்டுசென்றனர். பீனிக்ஸ் நிலையத்திலிருந்து குடியிருப்பு இரண்டரை மைல். தூளி ஒன்றில் கிடத்தி ஆட்கள் சுமந்து சென்றனர். கலங்கிய கணவருக்கு வழிநெடுக ஆறுதல் கூறியவர் நோயாளியே! பின்னர்த் துறவி ஒருவர் வந்து, இறைச்சி உண்பது குற்றமன்று என மனுநூலை எடுத்துக்காட்டி வாதிட்டார். அன்னையாருக்கு அந்நூலில் பயிற்சி இல்லை. வாதத்திற்கு மறுவாதமும் அவர் தேடவில்லை. விவாதிக்க விரும்பினால் கணவரோடும் மக்களோடும் விவாதித்துக்கொள்ளுமாறும், தம் முடிவு முடிவே எனவும் சொல்லி அனுப்பிவிட்டார். நீர் மருத்துவத்தால் மெல்ல மெல்ல உடல் தேறினார்.

பத்தாண்டுகள் கடந்தன. பசுக்களிடம் பால் கறப்போர் செய்யும் கொடுமைகளை அறிந்து, 1912ஆம் ஆண்டிலேயே பாலைத் துறந்திருந்தார் காந்தியடிகள். 1918ஆம் ஆண்டில் கடும் வயிற்றுக்கடுப்பு அவரைத் தாக்கியது, உடல் எலும்புக்கூடாயிற்று. 1919ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பால் அருந்தாவிடில் உடலைத் தேற்ற இயலாது என்றார் மருத்துவர். அடிகள் விரதத்தைச் சுட்டி மறுத்தார். அருகில் நின்ற கஸ்தூரிபா, அப்படியாயின் ஆட்டுப்பாலுக்குத் தடையேது என்று வினவினார். அவ்வொரு வினாவில் வழி திறந்தது. அடிகள் ஆட்டுப்பால் அருந்தினார், பிழைத்தார்.

விரதம் கொண்டபோது தம் மனத்தில் பசுவும் எருமையுமே இருந்தன. எனினும் அதன் உட்பொருள் எல்லாப் பாலையும் விலக்குவதே என்று அடிகள் பிற்காலத்தில் எழுதினார். உயிராசை சத்தியப் பற்றை வென்றுவிட்டதாகவும் வருந்தினார். அவர் வருத்தம் மதிக்கத்தக்கதே. ஆயினும், தம் உடலுக்கு வந்தபோது அணுவளவும் இளகாத அம்மையார், நோயாளியின் உடலுக்கு வந்தபோது வேறு வழி தேடினார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வழியிலும் கொலையில்லை, விரதத்தின் சொல்லும் காக்கப்பட்டது. மருத்துவருக்கும் அடிகளுக்கும் தோன்றாதது, நாள்தோறும் கஞ்சியும் நீரும் ஏந்தி நின்ற கைகளுக்கு உரியவருக்குத் தோன்றியது.

இதற்கிடையில் சம்பாரண். பீகாரின் அவுரி விவசாயிகளிடையே அடிகள் பணியாற்றியபொழுது, பிதிஹர்வா என்னும் சிற்றூரில் அன்னையார் தங்கினார். தொண்டர்களிடம் இருந்த மருந்துகள் மூன்றே: விளக்கெண்ணெய், கொய்னா, கந்தகக் களிம்பு. பெண்களின் அழுக்குடையைக் கண்டு காரணம் கேட்டபோது, ஒருத்தி அவரைத் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்று காட்டினாள். உடுத்திருந்த சேலையன்றி அங்கு வேறு சேலையில்லை. தூய்மை பற்றி அறிவுரை கூறப் போனவர் அன்று கற்றுத் திரும்பினார்.

1918ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலில் மூத்த மருமகள் மறைந்தார். தாயற்ற பேரக்குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு, ஐம்பதை நெருங்கிய பாட்டியின் மேல் விழுந்தது.

இறுதிக் காட்சி பூனாவின் ஆகாகான் மாளிகைச் சிறை. 1943 பிப்ரவரியில் அடிகள் இருபத்தொரு நாள் உண்ணாநோன்பு இருந்தபொழுது, எழுபத்துமூன்று வயதில் அன்னையார் பணிவிடை புரிந்தார். துளசிச் செடியின்முன் மண்டியிட்டு வேண்டினார். பின்னர்த் தாமே படுக்கையில் வீழ்ந்தார். பேத்தி முறையினளான மனு என்னும் இளம்பெண் சிறையிலேயே அவருக்குச் செவிலியானாள். மகன் தேவதாஸின் முயற்சியால் பென்சிலின் மருந்து வந்து சேர்ந்தது. இறுதி வேளையில் ஊசியால் துன்புறுத்த வேண்டா என்றார் அடிகள். மகன் இசைந்தார். அம்முடிவு பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1944 பிப்ரவரி 22, மகாசிவராத்திரி நாளின் மாலையில், கணவர் மடியில் உயிர் பிரிந்தது. அடிகள் நூற்ற நூலில் நெய்த சேலையே இறுதி உடையாயிற்று.

அவர் பெயரால் எழுபத்தைந்து இலட்சம் ரூபாய் திரட்டத் திட்டமிட்டனர். மக்கள் அதனினும் மிகுதியாக வழங்கினர். சிற்றூர்ப் பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் அந்நிதி உரியதாயிற்று. தமிழகத்தில் அப்பணியை ஏற்ற டாக்டர் சௌந்தரம் அம்மையார், சின்னாளபட்டி அருகே 1947ஆம் ஆண்டில் காந்திகிராமத்தை நிறுவினார். அங்குள்ள மருத்துவமனை கஸ்தூரிபா பெயரையே தாங்கி நிற்கிறது. சென்னைத் திருவல்லிக்கேணியில் முதியோர் இன்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றழைக்கும் மகப்பேற்று மருத்துவமனையின் பெயர்ப்பலகையிலும் அவர் பெயரே உள்ளது. அவ்விடங்களில் செவிலியர் இரவு முழுதும் விழித்திருந்து பணிபுரிகின்றனர்.