பெயரெழுதாத படங்கள்



ஓர் ஊரின் வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுவார்கள். தோட்டங்களை அண்டி வளர்ந்த கலஹா போன்ற சிறு நகரங்களுக்கு அவை பெரிதாக உதவமாட்டா. இவ்வூர்களின் வரலாறு கடைவீதியிலும், லயத்து வாசலிலும், பீலிக்கரையிலும் கிடக்கிறது. அதைப் பதிந்துவைக்க நமக்குக் கைவசமுள்ள எளிய கருவி புகைப்படம். அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

மலையக மக்கள் படம் பிடிக்கப்படாதவர்கள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஸ்கீன், ஸ்கோவன் ஆகியோரின் புகைப்பட நிலையங்களும், 1890இல் தொடங்கிய பிளேட் நிறுவனமும் நம் தோட்டங்களைப் படம் எடுத்து வெளிநாட்டவருக்கு விற்றன. கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள் தபாலட்டைகளில் ஏறிக் கடல் கடந்து போனார்கள். அவர்களின் மூக்குத்தியும் முக்காடும் தெளிவாகத் தெரியும். அடியிலோ 'கொழுந்து பறிக்கும் பெண்', 'தமிழ்க் கூலி' என்ற அளவில்தான் எழுத்து இருக்கும். அவள் யார், எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை என்பதற்கு அங்கே இடமில்லை.

உலகப் புகழ்பெற்றவர்களும் இதற்கு விலக்கல்லர். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் இங்கேயே காலமாகி பொகவந்தலாவையில் அடக்கமானார். 1877இல் களுத்துறையில் தம் வீட்டுக்கு வந்த ஓவியர் மேரியன் நோர்த்தை அவர் எடுத்த படங்கள் அப்பெயராலேயே அறியப்படுகின்றன. அதே களுத்துறையில் 1878இல் எடுத்த வேறொரு படத்தில் உள்ளூர்ச் சிறுமி ஒருத்தியும் முதியவர் ஒருவரும் இருக்கிறார்கள். சிறுமிக்கு வயது 12, தமக்கு வயது 100 என்று முதியவர் சொல்கிறார் எனக் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. வயதைக் கேட்டெழுதிய கைக்குப் பெயரையும் கேட்டெழுதத் தோன்றவில்லை.

நம் ஊருக்கு அருகிலும் இதே கதைதான். கலஹாவிலிருந்து தெல்தோட்டை வழியாகப் போனால் லூல்கந்துர வரும். 1867இல் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட இடம் அது. டெய்லரின் படம் இருக்கிறது; கண்டி மஹய்யாவ மயானத்தில் பெயர் பொறித்த கல்லறையும் இருக்கிறது. அவருக்காகக் காடு வெட்டி, மண் கொத்தி, கன்று நட்டவர்களுக்குப் படமும் இல்லை, கல்லும் இல்லை.

இங்கிலாந்தில் எஸ்க் ஆறு கடலோடு சேரும் இடத்தில் விற்பி என்றொரு சிறு நகரம் உண்டு. அங்கே ஸ்டூடியோ வைத்திருந்த பிராங்க் மெடோ சட்கிளிஃப், பிழைப்புக்காக வருவோர் போவோரைப் படம் எடுத்தார். மற்ற நேரத்தில் தம் ஊர் மீனவரையும், படகுத்துறையையும், தெருவில் திரிந்த பிள்ளைகளையும் எடுத்தார். விற்பி மக்கள் நூறாண்டுக்கு முந்திய தங்கள் தெருவை இன்றும் பார்க்கக் கூடியதாக இருப்பதற்கு அவரே பெரும் காரணம். அவர் விருந்தாளியாக வந்தவரல்லர். அந்தத் தெருவிலேயே நடமாடியவர். இந்த வேறுபாடு முக்கியமானது.

நமக்கு வேறு வகைப் படங்களும் வாய்த்தன. 1964இன் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. போகிறவர்களுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்கு முகப்படம் வேண்டும். அந்தப் படத்தோடு பெயர் இருந்தது. ஆனால் பின்னால் ஒரு திரைச்சீலையைத் தவிர வேறொன்றும் இல்லை. தபாலட்டையில் மலை உண்டு, பெயர் இல்லை. கடவுச்சீட்டில் பெயர் உண்டு, மலை இல்லை. மனிதரையும், அவர் பெயரையும், அவர் வாழ்ந்த இடத்தையும் ஒன்றாகச் சேர்த்துவைக்கும் படங்களே நமக்குத் தேவை.

இதில் காலதாமதம் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்திலும் பல இடங்களில் மண் சரிந்தது. ஒரு லயம் புதைந்தால் அங்கே டிரங்குப் பெட்டியில் இருந்த கல்யாணப் படமும் சேர்ந்தே புதைகிறது. இன்னொரு புறம், லயங்கள் இடிபட்டுத் தனி வீடுகள் எழ வேண்டும் என்பதே நம் எல்லோருடைய விருப்பமும். இடிபட வேண்டிய லயம் இடிபடட்டும். அதற்கு முன் அங்கே யார் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்பது பதிவாகட்டும். கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தோட்டத் தொழிலாளருக்கென 2007இல் ஓர் அரும்பொருட் காட்சியகம் அமைந்தது. அங்கே ஒரு பழைய லயமே காட்சிப் பொருளாக நிற்கிறது. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. பிறந்தநாளையும் திருவிழாவையும் தவறாமல் எடுக்கிறோம். பஸ் தரிப்பிடத்தையும், சலூனையும், பலசரக்குக் கடையின் பெயர்ப்பலகையையும் எடுப்பதில்லை. நாளைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கையில் விட்டுவிடுகிறோம். மும்மொழியும் கலந்து புழங்கும் ஒரு கடைவீதியை வருடத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் நின்று எடுத்து வாருங்கள். பத்து வருடத்தில் அது எந்த நூலிலும் கிடைக்காத சரித்திரமாகிவிடும்.

ஒருவரை எடுக்குமுன், "அம்மா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சம்மதித்தால் பெயரைக் கேளுங்கள். தோட்டத்தையும், செய்த வேலையையும் கேளுங்கள். தொலைபேசி பழுதானால் படமும் போய்விடும். ஆகவே சிலவற்றையாவது கடதாசியில் அச்சிட்டு, பின்புறம் பென்சிலால் பெயர், இடம், திகதி எழுதி, ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்தில் கொடுத்து வையுங்கள். எடுத்த படத்தில் ஒன்றை அந்த அம்மாவுக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அதற்கும் முன்பாக, வீட்டில் இருக்கும் பழைய படங்களை எடுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். ஓரத்தில் நிற்பவர் யார் என்பதை இன்று அவர் ஒருவர்தான் சொல்ல முடியும். சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.