உரிமையை உரைத்துப் பார்த்தல்

(கொழும்பு வெள்ளவத்தையில் நடைபெற்ற கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



நமது அரசியலில் ஒருவரை ‘நடைமுறைவாதி’ என்று புகழ்ந்தால், அவர் கொள்கையைக் கைவிட ஆயத்தமாயிருக்கிறார் என்பதே பொருளாகிவிட்டது. 1957இல் கைச்சாத்தான பண்டாரநாயக்கா-செல்வநாயகம் உடன்படிக்கையை 1958 ஏப்ரலில் கைவிட்டவர்களும் தம்மை நடைமுறை அறிந்தவர்களென்றே எண்ணியிருப்பார்கள். அடுத்த மாதமே நாடு தீப்பற்றியது. விளைவைப் பாராதவனுக்கு நடைமுறைவாதி என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

அந்தச் சொல்லுக்குரிய தத்துவம் வேறு. 1870களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் சில இளைஞர்கள் கூடி வாதித்தார்கள். சார்ள்ஸ் பியர்ஸ், வில்லியம் ஜேம்ஸ் ஆகியோருடன், பின்னாளில் உயர் நீதிமன்ற நீதியரசரான ஒலிவர் வெண்டல் ஹோம்ஸும் அங்கிருந்தார். ஒரு கருத்தின் பொருளை அறிய வேண்டுமாயின் அது உலகில் என்ன விளைவை உண்டாக்குகிறது என்று பார் என்பதே அவர்கள் கண்ட வழி. அவர்களுக்குப் பின் வந்த யோன் டூயி இதனை அரசியலுக்குக் கொண்டுவந்தார். அரசாங்கம் குறுக்கிடாதிருந்தாற் போதும், மனிதன் சுதந்திரன் என்று பழைய தாராளவாதிகள் நம்பினர். வயிறு காய்ந்தவனுக்கும் எழுத்தறியாதவனுக்கும் அந்தச் சுதந்திரம் எதைச் செய்யும் ஆற்றலைத் தந்தது என்று டூயி கேட்டார். சனநாயகம் அவருக்கு வாக்குப்பெட்டி மாத்திரமன்று. மனிதர் கூடி வாழும் முறை.

கொலம்பியா சர்வகலாசாலையில் அவர் கற்பித்த காலத்தில், 1913 முதல் 1916 வரை, அங்கே பயின்றவர் அம்பேத்கார். ஆசிரியரின் பாடத்தை மாணவர் எப்படிப் படித்தார் என்பதை மகாட் நகரத்துக் குளக்கரையில் காணலாம். பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாமென்று 1923இல் பம்பாய்ச் சட்டசபை தீர்மானித்தது. மகாட் நகரசபையும் அதனை ஏற்றது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. தண்ணீர் குளத்தில் இருந்தது. இடையில் எவரும் இறங்கவில்லை. 1927 மார்ச் 20ஆந் திகதி அம்பேத்கார் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று அந்த நீரை அள்ளிக் குடித்தார். அதற்காக அவருடைய மக்கள் அடிபட்டார்கள். குளம் ‘தீட்டுக்’ கழிக்கப்பட்டது. வழக்கு நீண்டு, 1937இலேதான் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னர் இந்திய அரசியலமைப்பை வரையும் குழுவுக்குத் தலைமை தாங்கியபோதும், அரசியலிற் சமத்துவமும் வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வுமாக இரண்டும் சேர்ந்திருப்பது ஆபத்து என்று 1949 நவம்பரில் அவர் எச்சரித்தார்.

நான் சட்டம் படித்தவன். சொற்களை நம்பிப் பிழைப்பவன். ஆகவே இனிச் சொல்வதைச் சற்று வெட்கத்துடனேயே சொல்கிறேன். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு நமது காப்பு என்றார்கள். எந்தச் சமூகத்தவர்க்கும் பிறர்க்கில்லாத தடையைச் சட்டத்தால் விதிக்கலாகாது என்பது அதன் வாசகம். அந்தக் காப்பு இருக்கும்போதே 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளரின் வாக்கும் போயிற்று. கோடகன்பிள்ளை வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. நேராகச் செய்யக்கூடாததைச் சட்டம் சுற்றிவளைத்துச் செய்வதும் நேரலாம் என்று அந்த மன்று ஒப்புக்கொண்டது. ஆனால் இங்கே அப்படி நேர்ந்ததாகக் காணவில்லை என்று 1953இல் தீர்த்தது. சட்டத்தின் சொற்களில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லைதான். விளைவை மலைநாட்டிற் போய்ப் பார்த்திருக்கலாம். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1952இல் ஒருவரைத்தானும் அனுப்ப முடியவில்லை. 29ஆம் பிரிவு அப்போதும் ஓர் எழுத்துக் குறையாமல் அப்படியே இருந்தது. 1972இல் அதுவும் நீங்கிற்று.

சட்டத்தின்முன் யாவரும் சமம் என்கிறது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. 1983 யூலையில் அந்த உறுப்புரை நடைமுறையில் இருந்த நாட்களிலேதான் இந்த வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தன. கொட்டாஞ்சேனைக்காரருக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய கமக்காரர் பலர் பெட்டியில் காணி உறுதியை வைத்துக்கொண்டு, செம்மண்ணில் ஒரு பாத்தி கட்ட வழியின்றிப் பல்லாண்டு காத்திருந்தார்கள். உறுதி செல்லுபடியானதுதான். மண்வெட்டிதான் செல்லவில்லை.

இந்த உரைகல்லை அரசாங்கத்தின்மேல் மாத்திரம் தேய்ப்பது நேர்மையாகாது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேயே நிறைவேறியது. பதினொரு ஆண்டு கழித்து, 1968இல், மாவிட்டபுரத்தில் நம்மவரே நம்மவரை ஆலய வாசலில் மறித்தார்கள். வாசலில் நின்றவரிடம் சட்டம் இருந்தது, வழி இல்லை. கொழும்பிலே சமத்துவம் கேட்டுக்கொண்டு ஊரிலே வேலி அடைத்தவர்களின் பெயர்கள் நமது குடும்பங்களிலும் உண்டு. இதைச் சொல்வதனால் நமது கோரிக்கை பலவீனப்படும் என்று நண்பர் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் எனக்கில்லை. எதிரி எடுத்துக்காட்டுமுன் நாமே எடுத்துக்காட்டுவதுதான் வழக்கிலும் நல்லது.

ஆகவே கிளைச் சங்கங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மாகாண சபைக்குச் சட்டம் தந்த காணி அதிகாரத்தைப் பற்றிய தீர்மானங்களை இம்முறை எழுதி அனுப்ப வேண்டாம். நம்மிடம் நிறைய இருக்கின்றன. உங்கள் ஊரில் உறுதியிருந்தும் உழ முடியாத நிலம் எத்தனை பரப்பு, யாருடையது, எந்த ஆண்டு முதல் என்று எழுதுங்கள். அதே கொப்பியின் மறுபக்கத்தில், உங்கள் ஊர் நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளுபவர் யார், அள்ளாமல் தள்ளி நிற்பவர் யார் என்றும் எழுதுங்கள். இரண்டு பக்கமும் நிரம்பிய கொப்பியையே செயற்குழு எடுத்துக்கொள்ளும்.