மானம் யாருக்குச் சொந்தம்?

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் பேசியதன் சுருக்கம்)



வதந்தியைப் பற்றியும் அவதூறுச் சட்டத்தைப் பற்றியும் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். மலைமேல் சாமை விதைக்கிறவர்களுக்குக் கோர்ட்டு விவகாரம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். உங்களுக்குத்தான் இது அதிகம் சம்பந்தப்பட்டது என்பதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

முதலில் வதந்தியை எடுத்துக்கொள்வோம். முதல் மந்திரியாயிருந்த ஜெயலலிதா அம்மையார் 2016 செப்டம்பர் 22ந் தேதி சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, டிசம்பர் 5ந் தேதி காலமானார். அந்த 75 நாட்களில் வைத்தியர் அறிக்கைகள் வந்தனவே தவிர, அவர் முகத்தை ஜனங்களுக்குக் காட்டவில்லை. மெய்யை மூடிவைத்த இடத்தில் பொய் முளைப்பது அதிசயமா? ஊருக்கு ஒரு கதை கிளம்பிற்று. சர்க்கார் என்ன செய்தது? வதந்தி பரப்பினார்கள் என்று பலரைக் கைது செய்தது. சந்தேகம் தீர்ந்ததா? வளர்ந்தது! 2017-ல் நீதிபதி ஆறுமுகசாமியைக் கொண்டு விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். 2022-ல் டில்லி எய்ம்ஸ் வைத்தியர் குழு, சிகிச்சை முறைப்படியே நடந்தது என்றது. அதே வருஷம் அறிக்கை கொடுத்த கமிஷனோ, சிலரை மேலும் விசாரிக்க வேண்டும் என்றது.

தோழர்களே! சந்தேகப்படுவது வேறு, முடிவு கட்டுவது வேறு. சந்தேகம் பகுத்தறிவின் முதற்படி. ஆனால் ஆதாரமில்லாமல் இன்னார்தான் கொன்றார் என்பது, காய்ச்சல்காரனைப் பார்த்து "பங்காளி செய்வினை வைத்துவிட்டான்" என்று குறி சொல்லுகிறவனுடைய வேலையேயாகும். பூசாரியிடம் கேட்கும் ஆதாரத்தைக் கட்சிப் பேச்சாளனிடமும் கேளுங்கள். நம் கட்சிக்காரன் சொன்னாலும் கேளுங்கள். நான் சொன்னாலும் கேளுங்கள்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1860ம் வருஷத்தில் வெள்ளைக்காரன் செய்த பீனல் கோடில் 499, 500 பிரிவுகளாயிருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 356ம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. நம்பர் மாறிற்று, 2 வருஷம் வரை ஜெயில் என்பது மாறவில்லை. சொன்னது உண்மை என்று ருஜுப்படுத்தினால் மாத்திரம் போதாது. பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். இந்தச் சட்டம் செல்லும் என்று 2016 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்துவிட்டது.

இதிலும் ஒரு வர்ணாசிரமம் இருக்கிறது! சாதாரண மனிதனுக்கு மானம் போனால் அவனே தன் காசில் வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். மந்திரியின் உத்தியோகக் காரியத்தைக் குறை சொன்னாலோ, சர்க்கார் வக்கீலே செஷன்ஸ் கோர்ட்டில் பிராது கொடுக்கலாம். செலவு நம் வரிப்பணம். தமிழ்நாட்டில் 2011 முதல் 2016 வரை 200க்கு மேற்பட்ட அவதூறு வழக்குகளைச் சர்க்கார் போட்டது. 2016 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டே இதைக் கண்டித்தது. பத்திரிகைக்காரர்கள் மீதிருந்த பல வழக்குகளை 2020 மே மாதத்தில் சென்னை ஹைக்கோர்ட்டு ரத்து செய்தது. ஆனால் அந்த வாசல் இன்னும் அடைபடவில்லை.

இனி உங்கள் சங்கதி. 2015 ஏப்ரல் 7ந் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி ஜில்லாக்களின் ஏழைகள். இந்த மலைக்காரர்களும் உண்டு. எந்தக் கோர்ட்டிலும் குற்றம் ருஜுவாகு முன்னரே "செம்மரக் கடத்தல்காரர்கள்" என்று பெயர் சூட்டிவிட்டார்கள். பிழைப்புக்கு மலையிறங்குகிறவனையும் அந்தப் பெயர் துரத்துகிறது. செத்தவரைப் பற்றிச் சொன்னதும், ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னதும் அவதூறாகலாம் என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த விதவைகளுக்காகச் சர்க்கார் வக்கீல் பிராது கொடுக்க அதில் இடமுண்டா? கிடையாது. மந்திரிக்கு மட்டுந்தானா மானம்? கூலிக்காரனுக்கு இல்லையா?

ஆகவே, மந்திரிகளுக்கென்று உள்ள தனி வழி ஒழிய வேண்டும். அவதூறுக்கு ஜெயில் என்பதும் ஒழிய வேண்டும். பொய்யால் நஷ்டப்பட்டவர், மந்திரியானாலும் மரம் வெட்டுகிறவரானாலும், ஒரே சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கட்டும்; ஏழைக்கு வக்கீல் செலவைச் சர்க்கார் கொடுக்கட்டும். மானம் எல்லோருக்கும் ஒன்று என்பதுதான் சுயமரியாதை.